விராலுக்கு ஒரு விளக்குப் படகு: வில் மீன்பிடிக்காகச் செய்த வேலைகளும் ஆன செலவும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பொட்டோமாக் ஆற்றில் வந்து கலக்கும் மேட்டவோமன் ஓடையில், இரவில் விளக்கு வைத்து வில்லால் மீன் பிடிப்பதற்கென்று நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு பழைய அலுமினியப் படகைத் தயார் செய்தோம். வேலை ஒரு குளிர்காலத்தில் தொடங்கியது. படகு நாங்கள் எண்ணியபடி நடந்துகொண்டது அதற்கடுத்த ஆண்டின் கோடையில்தான். இடையில், அம்பில் கட்டிய நூலைச் சுற்றும் ரீலை மாற்றினோம், மேடையைப் பிரித்துத் தாழ்த்தினோம், ஒயர் முழுவதையும் பிடுங்கிவிட்டு மறுபடி இழுத்தோம். இந்த மாற்றங்கள் எதனால் தேவைப்பட்டன என்பது இதே வேலையில் இறங்க நினைப்பவருக்கு உதவும் என்பதால், அளவுகளையும் செலவையும் சேர்த்து எழுதுகிறேன். எங்களில் ஒருவர் மன்னார்குடிப் பக்கம் வாய்க்காலிலும் குளத்திலும் விரால் பிடித்து வளர்ந்தவர். இன்னொருவர் சிறு வயதிலிருந்தே வில்லால் மான் வேட்டையாடும் உள்ளூர் அமெரிக்கர். நான் மின்வேலை ஓரளவு தெரிந்தவன்.

நாங்கள் தேடிப் போகும் மீன் வடக்கு விரால். நம் ஊர் விராலும் இதுவும் ஒரே பேரினம். சீனா, கொரியா, ரஷ்யாவின் தூரக் கிழக்கு ஆகிய பகுதிகளுக்குரிய இந்த மீன், 2002-ஆம் ஆண்டு மேரிலாந்தின் கிராஃப்டன் என்ற ஊரில் ஒரு குளத்தில் குஞ்சு பொரித்துப் பெருகியிருப்பது தெரியவந்தபோது, அந்தக் குளத்து நீரில் ரோட்டினோன் நஞ்சைக் கலந்து அங்கிருந்ததை அழித்தார்கள். 2004-இல் அது பொட்டோமாக் ஆற்றிலேயே பிடிபட்டது. அதன் பிறகு அழிக்கும் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. ஆகவே மேரிலாந்தில் விராலுக்குக் காலத்தடை இல்லை, அளவு வரம்பு இல்லை, எத்தனை பிடிக்கலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. மீன்பிடி உரிமம் மட்டும் வேண்டும். ஆனால் உயிருள்ள விராலை வைத்திருப்பது மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் சட்டப்படி குற்றம். ஆற்றின் ஒரு கரை மேரிலாந்தும் மறு கரை வர்ஜீனியாவுமாக இருக்கும் இடத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எய்த மீனைப் படகிலேயே கொன்றுவிடுவோம். 2016-இல் மேரிலாந்தில் வில்லால் எடுக்கப்பட்ட ஒரு விரால் 18.42 பவுண்டு, அதாவது 8.3 கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. எங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நான்கிலிருந்து ஏழு பவுண்டுக்குள்.

வில்லை முதலில் எடுத்துக்கொண்டோம். மான் வேட்டைக்கான காம்பவுண்ட் வில்கள் இரண்டு கைவசம் இருந்தும் அவற்றை ஒதுக்கினோம். அவ்வகை வில்லை முழுவதும் இழுத்த பிறகுதான் இழுவிசை குறைந்து கை நிலைக்கும். விளக்கொளியில் தென்பட்டு மறு நொடியில் பாசிக்குள் புகும் மீனை நோக்கிப் பாதி இழுவையிலேயே விட வேண்டிய இந்த வேலைக்கு அது பொருந்தாது. பழைய பொருள் விற்பவரிடம் 90 டாலருக்கு, வளையும் இரு கைகளையும் கழற்றி மாட்டக்கூடிய ஒரு வளைமுனை வில் கிடைத்தது. 28 அங்குல இழுவையில் 45 பவுண்டு. முதல் மாதத்திலேயே அது தேவைக்கு மிஞ்சிய விசை என்று தெரிந்தது. இரண்டு அடி, மூன்று அடி ஆழத்தில் கிடக்கும் மீனுக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்பதோடு, நள்ளிரவுக்கு மேல் தோள் தளர்ந்து குறியும் கெட்டது. தவறிய அம்பு சேற்றில் ஓரடிக்கு மேல் புதைந்துகொள்ள, அதைப் பிடுங்கப் படகையே திருப்ப வேண்டியதாயிற்று. 60 டாலருக்கு 35 பவுண்டுக் கைகள் வாங்கி மாட்டியபின் இரண்டு தொல்லையும் தீர்ந்தன. அம்பைக் கீழ்நோக்கிப் பிடிக்கும்போது அது நழுவி விழாதபடி, சுற்றிலும் தூரிகை மயிர் கொண்ட வளையத் தாங்கி ஒன்றை 30 டாலருக்குப் பொருத்தினோம். நாணில் விரல் படும் இடத்தில் இரண்டு ரப்பர் குழல்கள் செருகினால் கையுறை வேண்டாம். ஈரக் கையோடும் இழுக்கலாம்.

ரீலில்தான் முதல் சறுக்கல். வில்லின் முகப்பில் வில்லை ஆடாமல் வைக்கும் கம்பியை மாட்டுவதற்கான திருகுத் துளை ஒன்று இருந்ததால், அதில் ஒரு தாங்கியைத் திருகி, மூடிய முகப்புள்ள சாதாரணத் தூண்டில் ரீலை வைத்தோம்; தாங்கியோடு சேர்த்து 45 டாலர். மலிவு, வேகமாகச் சுற்றும். ஆனால் எய்வதற்கு முன் அதன் பொத்தானை அழுத்தி நூலை விடுவித்தாக வேண்டும். மீனைக் கண்ட பரபரப்பில் அதை யாராவது ஒருவர் மறப்பது உறுதி என்று எங்கள் வேட்டைக்கார நண்பர் முன்பே சொல்லியிருந்தார்; கடைசியில் மறந்தவரும் அவர்தான். பூட்டியிருந்த நூல் சில அடி தூரத்தில் அம்பை வெடுக்கென்று பிடித்து நிறுத்தி அறுந்தது. அம்பு ஆற்றோடு போனது, நூலின் அறுந்த முனை அவர் முன்கையில் சாட்டைபோல் விழுந்தது. அன்று நூல் அறுந்தது எங்கள் நல்வாய்ப்பு. அறாமல் இழுபட்டிருந்தால் அம்பு எய்தவர் பக்கமே திரும்பியிருக்கும். இந்தப் பொழுதுபோக்கில் நடக்கும் மோசமான விபத்து அதுதான்.

அதன்பின் குடுவை ரீலுக்கு மாறினோம். வில்லின் பக்கவாட்டில் நிற்கும் ஒரு பிளாஸ்டிக் குடுவைக்குள் நூல் தளர்வாகச் சுருண்டு கிடக்கும். எய்யும்போது தானாக வெளியேறும். அழுத்தவோ திறக்கவோ எதுவும் இல்லை. திரும்ப இழுக்கும்போது மட்டும் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ரீல், 200 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் 25 கெஜத்தோடு, 115 டாலர். இந்த ரீல் குறிகாட்டி மாட்டும் பக்கத்துளைகளில் பொருந்துவது. எங்கள் பழைய வில்லில் அத்துளைகள் இல்லாததால், முகப்புத் துளையில் திருகும் ஓர் இணைப்புத் தகட்டுக்கு மேலும் 25 டாலர் ஆயிற்று. சுற்றும் வேகம் பழைய ரீலில் பாதிகூட இல்லை. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. உலர்ந்த நூல் குடுவைக்குள் முடிச்சு விழும் என்பதால், தண்ணீரில் இறங்கியதும் நூல் முழுவதையும் வெளியே விட்டு நனைத்து ஒரு முறை சுற்றி உள்ளே அனுப்பிய பிறகே முதல் அம்பைப் பூட்டுகிறோம்.

அம்புகள் இறகில்லாத கண்ணாடி இழைத் தண்டுகள். 5/16 அங்குலத் தடிமன், 32 அங்குல நீளம். நூலை அம்பின் வாலிலுள்ள துளையில் நேரடியாகக் கட்டும் பழைய முறையை யாரும் பின்பற்ற வேண்டாம். வால் பக்கம் கட்டினால் நூல் நாணுக்கு அருகில் வந்து தொங்கும். நாணிலோ சட்டைப் பொத்தானிலோ அது சிக்கிய நிலையில் எய்தால், பறக்கும் அம்பு நூலின் எல்லையில் திரும்பி எய்தவர் முகத்துக்கே வரும். இதைத் தவிர்க்கவே நழுவு வளையம் இருக்கிறது. அம்புத் தண்டின் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு சிறு வளையத்தில் நூல் கட்டப்பட்டிருப்பதால், வில்லை முழுவதும் இழுத்த நிலையிலும் நூல் வில்லுக்கு முன்புறமே நிற்கும்; அம்பு கிளம்பிய பிறகுதான் வளையம் வாலுக்கு நழுவும். வளையத்தோடும் முனையோடும் ஓர் அம்பு 28 டாலர். ஆறு வாங்கினோம், ஆற்றடி மரவேர்களுக்கு இரண்டைக் கொடுத்தாயிற்று. முனையில் இரண்டு முள் உண்டு. மீனை ஊடுருவிய பின் அவை விரிந்து அம்பு உருவிக்கொள்ளாமல் தடுக்கும். முனையை இரண்டு சுற்று தளர்த்தினால் முன்பக்கமாக மடிந்து விடுவிக்கும்.

குறி வைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நீரில் மீன் இருப்பதைவிட மேலே தெரிவதால் தெரியும் இடத்துக்குக் கீழே எய்ய வேண்டும். பத்தடி தூரத்தில் ஓரடி ஆழத்தில் மீன் இருந்தால் நான்கு அங்குலம் கீழே. ஆழமோ தூரமோ இரட்டித்தால் அந்த நான்கும் இரட்டிக்கும். மனப்பாடம் செய்வது எளிது, இருட்டில் கை அதைச் செய்வது வேறு. பால் விற்கும் பிளாஸ்டிக் குடுவைகளில் கல்லும் நீரும் நிரப்பி, ஒரு நண்பரின் பண்ணைக் குட்டையில் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழங்களில் கயிற்றில் தொங்கவிட்டுப் பழகினோம். ஏறக்குறைய எல்லாத் தவறுகளும் இலக்குக்கு மேலேயே போயின. இப்போதும், ஐயம் வந்தால் இன்னும் கீழே என்பதுதான் எங்கள் வழக்கம்.

படகு, 14 அடி நீளமும் 36 அங்குல அடித்தள அகலமும் கொண்ட தட்டையடிப் படகு. இழுவண்டியோடு 1,350 டாலர். அதன் தகட்டில் மூன்று பேர் அல்லது 450 பவுண்டு என்று பொறித்திருக்கிறது. வாங்கும்போது அகலத்தை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. உயரமாக நின்றால் நீருக்குள் நன்றாகத் தெரியும் என்று, முன்பக்க மேடையைப் பக்கச்சுவர் விளிம்புக்கு ஆறு அங்குலம் மேலே அமைத்தோம். இருவர் அதில் நின்று ஒருவர் இடது பக்கம் திரும்பியதும் படகு சாய்ந்த சாய்வில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். எய்கிறவருக்கு வேண்டியது காலடியில் அசையாத தளம். ஆறு அங்குல உயரத்தால் கூடிய பார்வை அதற்கு ஈடாகவில்லை. மேடையைப் பிரித்து விளிம்புக்கு நான்கு அங்குலம் கீழே கொண்டுவந்தோம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே மேடையில் நிற்பது என்றும், மற்றவர்கள் உட்கார்ந்தே இருப்பது என்றும் விதி செய்துகொண்டோம். உயிர்காப்பு உடுப்பு எப்போதும் உடம்பில் இருக்கும்.

மேடையின் சட்டம் ஒன்றரை அங்குல அலுமினியக் கோணம், 1/8 அங்குலக் கனம், 12 அங்குல இடைவெளியில் குறுக்குச் சட்டங்கள். மேலே அரை அங்குலப் பிளைவுட். முதலில் முக்கால் அங்குலப் பலகைதான் வாங்கினோம். முழுப் பலகை 70 பவுண்டு எடை வந்தது, முன்பக்கம் மூழ்கிக்கொண்டு நின்றது. குறுக்குச் சட்டங்களை நெருக்கிவைத்தால் அரை அங்குலமே போதும். செலவைக் குறைக்க மருந்தேற்றிய பலகையைப் போடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அந்த மருந்தில் செம்பு இருக்கிறது, ஈரத்தில் அது அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும் என்பதால் கைவிட்டோம். சாதாரண வெளிப்புறப் பிளைவுட்டை வாங்கி, ஓரங்களில் எப்பாக்ஸியை ஊறவிட்டு, மேலே இரண்டு பூச்சு வண்ணம் அடித்து, இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினோம். கடைகளில் படகுக் கம்பளம் ஒட்டச் சொல்வார்கள். மீனின் வழும்பு கம்பளத்தில் ஏறினால் போகாது, அம்பு முனையும் அதில் மாட்டும். மணல் வண்ணத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் சுத்தம். பலகை, கோணங்கள், துருப்பிடிக்காத திருகுகள், எப்பாக்ஸி எல்லாம் சேர்ந்து 240 டாலர்.

மேடை முடிந்தபின் ஒரு முழு மாலை செலவிட்ட வேலை வெளியில் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எய்தவுடன் நூல் எங்கேயும் பற்றாமல் ஓட வேண்டும் என்பதற்காக, மேடையிலும் அதன் முன்னாலும் துருத்திக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் தேடித் தேடி நீக்கினோம். கயிறு கட்டும் இரும்புக் கொம்பைப் பின்பக்கம் மாற்றினோம். திருகுத் தலைகளைப் பலகைக்குள் பதித்தோம். முன்புறக் கைப்பிடிக் கம்பியின் மூட்டுகளைச் சுற்றித் தோட்டக்குழாயைப் பிளந்து மாட்டினோம். மேடையில் நிற்பவர் நாடாவுள்ள காலணி அணிவதில்லை, கழுத்தில் எதையும் தொங்கவிடுவதில்லை. தலைவிளக்கின் பட்டைகூட ஒரு முறை நூலைப் பிடித்திருக்கிறது. எங்கள் படகைப் பார்க்க வருபவர்கள் விளக்குகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அவர்களை முதலில் முன்பக்கம் அழைத்துப்போய் வழவழப்பான அந்த விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.

விளக்குகளுக்கு வருகிறேன். இங்கே பெரிய படகுகளில் ஜெனரேட்டர் வைத்து ஓட்டுகிறார்கள். எங்கள் படகுக்கு அதன் எடை தாங்காது. கரையோர வீட்டார் உறங்கும் நேரத்தில் அந்த இரைச்சலும் நியாயமில்லை. 12 வோல்ட்டில் எரியும் 50 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஆறு, ஒன்று 38 டாலர். மொத்தம் 300 வாட், 12.8 வோல்ட்டில் ஏறக்குறைய 23.4 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று 270 டாலருக்குக் கிடைத்தது. எடை 25 பவுண்டுக்குள். நான்கு மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. நடைமுறையிலும் அதற்குச் சற்று முன்னதாகவே கரை திரும்பிவிடுகிறோம்.

முதல் இரவில் விளக்குகள் மங்கலாக எரிந்தன. அரை மணி நேரத்தில் இரண்டு துடிக்கத் தொடங்கின. பேட்டரியைச் சந்தேகித்தோம், விளக்கு விற்ற கடையைத் திட்டினோம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது பேட்டரி முனையில் 13.0 வோல்ட்டும் முன்பக்க விளக்கு முனையில் 10.4 வோல்ட்டும் காட்டியது. நாங்கள் இழுத்திருந்தது கைவசம் மிஞ்சிக் கிடந்த மெல்லிய 16 கேஜ் ஒயர். பேட்டரி பின்பக்கத்தில் இருந்ததால் போகவர 28 அடி. அந்த நீளத்துக்கு அவ்வொயரின் மின்தடை 0.11 ஓம். 23 ஆம்பியர் ஓடினால் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே தொலைந்துவிடும். தொலைந்தது எங்கே போயிற்று என்பதை ஒயரைத் தொட்டதும் கை சொன்னது. மேலுறை இளகும் சூடு. மின்வேலை தெரிந்தவன் என்ற பெயரில் படகில் இருந்த நான் அன்று அதிகம் பேசவில்லை.

ஒயரை முழுவதும் களைந்துவிட்டு அதைவிடத் தடித்த 8 கேஜ், வெள்ளீயம் பூசிய படகு ஒயரை இழுத்தோம். 30 அடிக்கு 75 டாலர். இப்போது இழப்பு 0.4 வோல்ட், விளக்கு முனையில் 12.6 நிற்கிறது. பேட்டரியை ஒட்டி, ஏழு அங்குலத்துக்குள், 30 ஆம்பியர் ஃபியூஸ். ஒவ்வோர் இணைப்பையும் சூடேற்றினால் சுருங்கி உள்ளே பசை உருகும் குழலால் மூடினோம். ஆறு விளக்குகளுக்கும் ஒரே சுவிட்ச் இருந்ததை மாற்றி, இடது மூன்றுக்கும் வலது மூன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச் வைத்தது பின்னால் மிகவும் உதவியது. கரையை ஒட்டிப் போகும்போது ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் போதும், பேட்டரியும் மிஞ்சும்.

விளக்கின் நிறத்தில் கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் ஓடையின் நீர் தேநீர் நிறமுள்ள கலங்கல் நீர். அதில் வெண்மையான ஒளி மேற்பரப்பிலேயே சிதறி மூடுபனியாய்த் தெரிகிறது, மஞ்சள் சாயல் கொண்ட 3000 கெல்வின் ஒளி இன்னும் கீழே போகிறது. வாங்கிய ஆறில் இரண்டை வெள்ளை ஒளியாக வாங்கி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இப்படிச் சொல்கிறேன். அவை இரண்டையும் பின்னர் மாற்றிவிட்டோம். உயரமும் முக்கியம். கைப்பிடிக் கம்பியின் மேல் மாட்டியபோது பளபளப்பு கண்ணுக்கே திரும்பி வந்தது. மேடை விளிம்புக்குக் கீழே, நீர்மட்டத்துக்கு ஓரடிக்குள் இறக்கி, கீழ்நோக்கிச் சாய்த்தபின் அடித்தரை தெரிந்தது. இவ்வளவு வெளிச்சம் இருக்கிறதே என்று படகின் சிவப்பு, பச்சை, வெள்ளைப் பயண விளக்குகளை அணைத்துவிடக் கூடாது. அவை எரிய வேண்டியது சட்டம். இந்த ஒளிவெள்ளம் அவற்றை மறைக்கவும் கூடாது.

ஆற்றில் எங்கள் முறை இதுதான். பின்பக்கத்தில் உட்கார்ந்தவர் 55 பவுண்டு உந்துவிசையுள்ள மின் மோட்டாரை மிக மெதுவாக ஓட்டுவார். நடுவில் இருப்பவர் மீன்பெட்டியையும் நேரத்தையும் பார்த்துக்கொள்வார். மேடையில் நிற்பவர் மட்டும் எய்வார், அதுவும் படகின் முன்பக்க அரைவட்டத்துக்குள். கடல் ஓதம் ஏறி நிற்கும்போது விரால்கள் ஆம்பலைப் போன்ற அகன்ற இலைக் கொடிகளுக்குள் பரவிக்கொள்ளும், படகு நுழையாது. ஓதம் வற்றி நீர் கொடிகளை விட்டு இறங்கும் முதல் இரண்டு மணி நேரத்தில் அவை கொடி விளிம்புக்கு வந்து அசையாமல் கிடக்கும். அதற்கு மேல் ஓடைகளிலிருந்து சேறு கரைந்து வந்து பார்வை கெட்டுவிடுகிறது. மீன் வேட்டை என்பது எங்களுக்கு இந்த இரண்டு மணி நேரம்தான்.

எய்வதற்கு முன் மீன் எது என்று உறுதி செய்துகொள்வது தூண்டில்காரரைவிட வில்காரருக்கு இன்றியமையாதது. பிடித்துப் பார்த்துவிட்டு விடுவிக்கும் வழி இங்கே இல்லை. போஃபின் என்ற இந்நாட்டு மீனுக்கும் நீண்ட முதுகுத்துடுப்பு உண்டு, அதுவும் காற்றைக் குடிக்க மேலே வரும். விராலின் உடலில் மலைப்பாம்பின் திட்டுகள் தெளிவாகத் தெரியும், அடித்துடுப்பும் நீளம்; போஃபினுக்கு அடித்துடுப்பு குட்டை. ஐயம் இருந்தால் எய்வதில்லை. கோடையின் தொடக்கத்தில் தாயும் தந்தையும் குஞ்சுத் திரளைக் காத்துக்கொண்டு இடம் பெயராமல் நிற்கும். மன்னார்குடி நண்பர், "பார்ப்போட நிக்கிற விராலை எங்க ஊர்ல அடிக்க மாட்டோங்க" என்று முதலில் வில்லைக் கீழே வைத்துவிட்டார். நம் குளத்து விராலுக்கு அது சரியான கட்டுப்பாடு. இந்த ஆற்றிலோ இம்மீன் குறைய வேண்டும் என்பதே மாநிலத்தின் நோக்கம் என்று பேசிப் பார்த்தோம். அவர் இன்றும் பார்ப்போடு நிற்கும் மீனை எய்வதில்லை, மற்ற இருவரும் எய்கிறோம்.

கோடையின் நடுவில் படகைச் செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரைக்கு இழுத்துப்போய், டார்செஸ்டர் மாவட்டத்தின் உவர்நீர்ச் சதுப்பு ஓடைகளில் இறக்கினோம். விரால் அந்த உப்பையும் தாங்கிக்கொள்கிறது. எங்கள் கருவிகள் தாங்கவில்லை. அம்பு முனைகளின் திருகுப் புரிகளில் உப்பும் மணலும் இறுகி, மீனிலிருந்து அம்பை விடுவிக்க இரண்டு இடுக்கிகள் தேவைப்பட்டன. வீடு திரும்பிய மறுவாரம் இரண்டு முனைகள் அறவே கழலவில்லை. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் புரிகளில் இறுகல் தடுக்கும் பசை தடவுகிறோம், திரும்பியதும் ரீல், முனை, விளக்குத் தாங்கி எல்லாவற்றையும் நன்னீரில் ஊறவைத்துக் கழுவுகிறோம். பசை பூசிய குழல் போட்ட இணைப்புகள் எதுவும் பச்சை பூக்கவில்லை. நேரமில்லை என்று சாதாரண மின்நாடா சுற்றிய ஒன்று பூத்துவிட்டது. திறந்த கரையோரத்தில் காற்று சிறிது எழுந்து அலை அரை அடி ஆனாலே நீருக்குள் ஒன்றும் தெரியாது. ஆற்றில் போய்வர ஓத அட்டவணை போதும், இங்கே காற்றின் முன்னறிவிப்பை முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் கரையில் கோடையில் திருக்கைகள் கூட்டங்கூட்டமாக வரும். பெரிய உருவம், மேல்மட்டத்தில் நீந்தும், எய்வதற்கு எளிது. விரிகுடாவில் அவற்றை எய்யும் போட்டிகளே நடந்தன. அந்தத் திருக்கை ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். 2017-இல் மேரிலாந்து சட்டமன்றம் அந்தக் கொலைப் போட்டிகளை நிறுத்திவைத்தது. போட்டியில் இல்லாத தனியொருவர் எய்யலாமா என்ற கேள்விக்குள் நாங்கள் போகவே இல்லை. தின்னவும் எடுத்துச்செல்லவும் எண்ணமில்லாத மீனை எய்வதில்லை என்று படகிலேயே முடிவாயிற்று.

விராலைத் தின்னத்தான் எடுத்துச்செல்கிறோம். தலைக்குப் பின்னால் எய்தால் இறைச்சி கெடாது. வயிற்றில் பட்டால் பித்தம் பரவி ஒரு பக்கமே கசக்கும். தலையில் கட்டையால் ஓர் அடி, உடனே செவுளை அறுத்துக் குருதியை வடித்துப் பனிக்கட்டிப் பெட்டியில் போட வேண்டும். அம்பு புகுந்த துளையைச் சுற்றி இரண்டு விரற்கடை சதையை வெட்டி எறிந்துவிடுகிறோம். ஊரில் சாம்பல் போட்டுத் தரையில் உரசுவதுபோல் இங்கே செய்ய வழியில்லாததால், கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுத் தேய்த்து வழும்பை எடுத்த பிறகு செதிலைச் சுரண்டுகிறோம். தோலோடு போட்ட குழம்பு சுவையில் ஊர் விராலுக்குக் குறைந்ததில்லை, முள்ளும் குறைவு. பொட்டோமாக்கின் மீன்களில் பி.சி.பி. என்ற தொழிற்சாலை நச்சு சேர்ந்திருப்பதால், மாநிலச் சுற்றுச்சூழல் துறை எந்த மீனை மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று வெளியிடும் அட்டவணையைப் பார்த்து, குழந்தைகளுக்கு அளவு குறைத்தே கொடுக்கிறோம்.

படகையும் மோட்டாரையும் விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் வில் வேலைக்கு 490 டாலரும், மேடைக்கு 240 டாலரும், விளக்குக்குப் பேட்டரி, ஒயர், சுவிட்ச், ஃபியூஸ் உட்பட 620 டாலரும் ஆயிற்று. முதல் ரீல், கனத்த பலகை, மெல்லிய ஒயர், இரண்டு வெள்ளை விளக்குகள் என்று வீணானவை தனியே 200 டாலருக்குக் குறையாது. இன்று மறுபடி தொடங்கினால் படகுக்கே கூடுதலாக 500 டாலர் போட்டு, 48 அங்குல அடித்தளமுள்ளதை வாங்குவேன். மேடையின் சிக்கல் பாதி அகலத்தின் சிக்கல்தான். பேட்டரியை மேடைக்கு அடியிலேயே வைத்தால் ஒயரின் நீளம் மூன்றில் ஒன்றாகக் குறையும், பின்பக்கத்தில் உட்காருபவருக்கு இடமும் கிடைக்கும். வரும் குளிர்காலத்தில் அதைச் செய்ய இருக்கிறோம். மின் மோட்டாருக்கு இன்னும் 55 பவுண்டு எடையுள்ள ஈயப் பேட்டரிதான் ஓடுகிறது. முழு வேகத்தில் அந்த மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கும் என்பதால், விளக்குப் பேட்டரியோடு அதை இணைக்காமல் தனியாகவே இன்னொரு லித்தியம் பேட்டரி வாங்குவது என்றும், அதன் பாதுகாப்புச் சுற்று குறைந்தது 60 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்குகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுப்பது என்றும் பேசி வைத்திருக்கிறோம்.